கோழிச் செட்டு நின்ற திசையில் ஒரு வீடு

1

நேற்று மத்தியானத்திலிருந்து எங்கள் வீட்டில் பொட்டலம் கட்டும் உரிமை எனக்கு இல்லை. எப்படிப் பறிபோனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், சஸ்காட்சுவான் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட மாநிலத்தில். மலை கிடையாது, மரம் குறைவு, கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமைக் காடு. நேற்றோடு இந்த வீட்டுக்குக் குடிவந்து ஐந்து வருஷம். மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆனால் இங்கே வருஷத்திலேயே மிகக் குட்டையான பகல் வரும். நேற்று அதுதான். அன்று உச்சிப்பொழுதில் தெற்கு ஜன்னல் வழியாக நுழைகிற வெயில், கூடத்தைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறி நிற்கும். அது எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவோம். ஐந்து வருஷமாகக் கோட்டின் மேலேயே கோடு விழுகிறது. பக்கத்தில் என் மகள் வளர்மதியின் உயரக்கோடு மட்டும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'வேல்' ஆகிவிட்டது. முருகன் கையில் இருப்பதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

கோடு போட்டுப் பாயசம் குடித்தபின் பேச்சு வாசல் கதவுக்குப் போனது. வெயில் காலம் வந்ததும் கதவுக்குப் புதுச் சாயம் அடிக்க வேண்டும். எனக்குச் சிவப்பு, எங்கள் வீட்டுக்காரருக்குப் பச்சை. சித்திரையில் அடிக்கப்போகும் சாயத்துக்கு மார்கழியில் சண்டை எதற்கு என்று கேட்காதீர்கள். வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிர் அடிக்கும்போது வேறு என்ன வேலை இருக்கிறது?

"பூ கேக்கலாமா?" என்றாள் வளர்மதி. அவள் வாயில் மிச்சம் இருக்கும் தமிழில் அதுவும் ஒன்று.

நான் சிவப்புத் தாளும் பச்சைத் தாளும் கிழித்துக்கொண்டு பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். அவர் என் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நான் கட்டறேன். நீ கட்டுனா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

பதினான்கு வருஷமாக நான் ஒருவரிடமும் சொல்லாத விஷயம் அது.

2

நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் தோட்டம். அதன் கிழக்கு எல்லையில் தெற்கு வடக்காக ஒரு பஸ் ரோடு. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கோழிப்பண்ணை என்கிற பேச்சே புதிது. அதுவரை கோழி என்றால் களத்தில் மேய்வது, விருந்தாளி வந்தால் குழம்பாவது. அப்பா துணிந்து இருநூறு வெள்ளைக் கோழிகள் வாங்கினார். அவற்றுக்கு ஒரு செட்டு போட்டார். கல்லுக்கால் நட்டு, இடுப்பளவு சுவர் வைத்து, அதன்மேல் கம்பி வலை அடித்து, தென்னங்கீற்று வேய்ந்த செட்டு. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆகவே ரோட்டைப் பார்த்தாற்போல் தெற்கு வடக்காக நீட்டிக் கட்டினார். அகலமான முகம் கிழக்கே, வாசலும் கிழக்கே. சாஸ்திரத்துக்கும் பொருத்தம், பெருமைக்கும் பொருத்தம்.

கோழிக்குத்தான் பொருத்தமில்லை. சித்திரை பிறந்ததும் காலை வெயில் கிழக்கு வலை வழியாக நேரே உள்ளே வந்தது. மத்தியானத்துக்கு மேல் மேற்கு வலை வழியாக வந்தது. கோழிகள் வாயைத் திறந்து, இறக்கையை விரித்து, காலையில் ஒரு சுவரோரமும் மாலையில் மறு சுவரோரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அப்பா சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார். கூரைமேல் தண்ணீர் ஊற்றினார். அப்படியும் ஒரே நாளில் ஒன்பது செத்தன. அன்று அப்பா சாப்பிடவில்லை.

நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கல்யாணப் பேச்சுக்குக் காத்திருக்கிற பெண்ணுக்குக் கோழிக்குத் தீனி வைப்பதைத் தவிர வேறு வேலை தரமாட்டார்கள். சும்மா இருக்க முடியாமல், செட்டுக்குள் நிழல் எதுவரை இருக்கிறது என்று மணிக்கொரு தரம் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வந்தேன். தவிட்டு மூட்டை அடுக்கும் சின்னச் சாளை பக்கத்திலேயே கிழக்கு மேற்காக நீண்டு நின்றது. அதற்குள்ளும் கோடு போட்டேன். செட்டில் நிழல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. சாளையில் நகரவே இல்லை. சரிந்து வருகிற காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில் முட்டி வெளியே நின்றுவிட்டன. உச்சி வெயிலைக் கூரை பார்த்துக்கொண்டது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் கண்டுபிடித்தவள் நான் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"செட்டத் திருப்பிப் போடோணுமுங்கப்பா. நீளம் கெழக்க மேக்க இருக்கோணும்."

"கட்டி ஆறு மாசங்கூட ஆகல சாமி. பஸ்ஸுல போறவன் எல்லாம் சிரிப்பான். அதுவுமில்லாம, எடத்துக்குக் கருப்பணாருகிட்டப் பூக் கேட்டுத்தான் கட்டுனது."

"எடத்துக்குக் கேட்டீங்க. எந்தப் பக்கம் பாத்து நிக்கோணும்னு கேட்டீங்களா?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கேக்கல சாமி," என்றார். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

3

பூக் கேட்பதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணறு வெட்ட, பெண் எடுக்க, காளை வாங்க, எதற்கும் எங்கள் பக்கத்தில் சாமியிடம் உத்தரவு கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் இலையில் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் பேச்சில்லை.

செட்டைத் திருப்பலாமா என்று கேட்க முடிவானது; பொட்டலம் கட்டும் வேலை என்னிடம் வந்தது. விடியற்காலையில் குளித்துவிட்டு நந்தியாவட்டை பறித்தேன். சிவப்புக்கு வீட்டு முன்னால் இருந்த ரோசாச் செடிதான். இரண்டு வாழையிலைத் துண்டை விரித்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். செட்டிலிருந்து கோழிகளின் சத்தம் கேட்டது. இன்னும் வெயில் வரவில்லை என்பதால் சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தன. வெள்ளைப் பூவை இரண்டு இலையிலும் வைத்துக் கட்டினேன். ரோசாவை என்ன செய்வது? தலையில் வைத்துக்கொண்டேன்.

பூசாரியின் சின்ன மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருப்பணார் கோபக்காரச் சாமி. வீச்சரிவாளோடு நிற்கிறவர் என்னைப் பார்த்தமாதிரியே இருந்தது.

அடுத்த வாரமே அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து செட்டைப் பிரித்தார்கள். பிடுங்கிய அதே கல்லுக்கால், அதே மூங்கில், அதே வலை, அதே கீற்று. புதிதாக வாங்கியது கயிறு மட்டும். கிழக்கு மேற்காக நிறுத்தினோம். தாழ்வாரத்தைத் தாழ இறக்கினோம். சூடு மேலே போய்விட முகட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டு, மழைக்கு அதன்மேல் ஒரு குட்டிக் கூரை போட்டோம். மேற்குப் பக்கம் இரண்டு வேம்பும் வாதநாராயண மரமும் நட்டோம். வாசல் இப்போதும் கிழக்கேதான், குறுகிய பக்கத்தில். அதனால் அப்பாவுக்கும் மனக்குறை இல்லை.

அடுத்த சித்திரையில் வெயிலுக்கு ஒரு கோழிகூடச் சாகவில்லை. யார் கேட்டாலும் அப்பா, "கருப்பணாரு உத்தரவுங்க," என்பார். நான் கருப்பணாருக்குத் தனியாகப் பொங்கல் வைத்தேன். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்று சொன்னேன். அதுவும் கிடைத்தது.

4

எடப்பாடிப் பக்கத்துக்காரர். இயந்திரப் பொறியாளர். இங்கே சுரங்கத்தில் வேலை கிடைத்து, என்னையும் கைக்குழந்தையையும் கூட்டிவந்தார். வாடகைக்குக் கிடைத்த வீட்டில் பெரிய கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது. வாடைக்காற்று வருகிற வடமேற்கை அது நேராகப் பார்த்தது. வெயில் வருகிற தெற்கே வெறும் சுவர். குளிர்காலத்தில் ஜன்னலின் உட்பக்கம் பனிக்கட்டி பிடிக்கும். வளர்மதிக்கு அதுதான் சிலேட்டு. நகத்தால் அ, ஆ எழுதினாள். ஈ வருவதற்குள் விரல் சிவந்துவிடும்.

அடித்தளத்தில் ஒரு எண்ணெய் அடுப்பு நாள் முழுக்க உறுமிக்கொண்டு, வறண்ட காற்றை ஊதித் தள்ளும். அறை நடுவே முகம் எரியும், கால் விறைக்கும். குழந்தைக்கு ஐப்பசியில் பிடித்த இருமல் பங்குனி வரை நிற்காது. மருத்துவர் நல்ல மனிதர். என் ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீடு சரியில்லை," என்று மட்டும் சொன்னார்.

நான்கு குளிர்காலம் பொறுத்தேன். ஐந்தாவதின் நடுவில் அவரிடம் சொன்னேன்: "இன்னொரு குளுரு இதே மாதிரி போச்சுன்னா நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவனுங்க. நீங்க வாரதுன்னா வாங்க."

அந்த வாரமே அவர் இடம் பார்க்கத் தொடங்கினார். தெருமுனையில் ஒரு மனை கிடைத்தது. கிழக்கே தெரு, தெற்கே பள்ளிக்கூட மைதானம்.

5

அப்போது எண்ணெய் கிடுகிடுவென்று விலை ஏறிய காலம். குறைந்த எண்ணெயில் வீட்டை வெதுவெதுப்பாக வைப்பது எப்படி என்று ஊர் நூலகத்தில் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். குளிருக்கு ஒதுங்க வெதுவெதுப்பான இடம் என்றுதான் முதலில் போனேன்.

ஆசிரியர் கரும்பலகையில் ஒரு நீளக்கட்டம் வரைந்தார். வீடு கட்டுமுன் சூரியன் எங்கே வருகிறான், காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பாருங்கள் என்றார். வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து வருவான், அவனை உள்ளே விடுங்கள். கோடைச் சூரியன் உயரே வருவான், தாழ்வாரத்தை அளந்து நீட்டி அவனைத் தடுங்கள். உள்ளே வந்த வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தரையில் செங்கல் பாவுங்கள். சுவரைத் தடிமனாக்கிப் பஞ்சு அடையுங்கள், சந்து பொந்தை மூடுங்கள். இருப்பதை வீணாக்காமல் இருப்பதுதான் முதல் பாடம் என்றார்.

என் கை தானாக உயர்ந்தது. "இது எங்கள் ஊர்க் கோழி வீடு," என்றேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்காமல் சாக்கட்டியை நீட்டினார். எழுந்து போய்ச் செட்டை வரைந்தேன். எங்களுக்கு வெயில் வேண்டாம், அதனால் இப்படி நிறுத்தினோம் என்றேன். அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று வெயிலை விரட்ட, ஒன்று வெயிலை வாங்க. இரண்டும் ஒரே திசையில் நின்றன. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பனியில் வழுக்காமல் நடந்ததே அதிசயம். அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில்தான் வழக்கு. இங்கே எல்லா வீடும் அகலமான முகத்தைத் தெருவுக்குக் காட்டி நிற்கும். "குறுக்குச் செவத்தத் தெருவுக்குக் காட்டிக்கிட்டு நின்னா, கோவிச்சுக்கிட்டுத் திரும்பிக்கிட்ட மாதிரி இருக்காதா?" என்றார் அவர். கட்டித் தருகிறவரும் அவர் பக்கம். இந்த மனிதர்களுக்கும் அப்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. ஒன்றரை மாதம் இழுத்தது. மாதம் தவறாமல் என் அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறவர் அவர்தான். அந்த மாதமும் எழுதினார், பதிலும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று, "பூக் கேட்டுருவோம். பொட்டலத்த நீயே கட்டு," என்றார். கோயிலுக்குப் போனாலும் உள்ளே வராமல் செருப்புக்குக் காவல் நிற்கிற மனுஷன். எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் கிடைத்த வாய்ப்பை விடுவேனா? பங்குனிப் பனியில் பூவுக்கு எங்கே போவது? தாள்தான். வெள்ளை வந்தால் வீடு நான் சொன்ன திசையில் நிற்கும், சிவப்பு வந்தால் தெருவைப் பார்க்கும். சிவப்புத் தாளை அரிசிமாவு டப்பாவுக்குள் போட்டேன். வளர்மதி எடுத்தாள். வெள்ளை. கருப்பணார் இவ்வளவு தூரம் வரமாட்டார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

6

நகராட்சி அலுவலகத்துக்கு மூன்று தரம் போனோம். விண்ணப்பத்தில் வீட்டின் முகப்பு எத்தனை அடி என்று ஒரு கட்டம். எங்கள் எண்ணைப் பார்த்ததும் அதிகாரி பென்சிலை வைத்துவிட்டார். இது முகப்பு இல்லை, விலாப்புறம் என்றார். வாசல் தெருவைப் பார்க்க வேண்டும் என்றுதானே விதி, பார்க்கிறதே என்றேன். மூன்றாவது தரம், வேறு வழியில்லாமல், செட்டின் கதையை முதலிலிருந்து சொன்னேன். கோழி வாயைத் திறந்து நின்றதை நடித்தும் காட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைத் தெரியாத மாதிரி.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். தன் தகப்பனாரின் மாட்டுக்கொட்டகையும் அப்படித்தான் நிற்கிறது, ஏன் என்று இத்தனை நாள் கேட்டதே இல்லை என்றார். தெருப்பக்கம் இரண்டு ஜன்னல் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை தனியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது: இந்த வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

7

குடிவந்த முதல் தை மாதத்தில் பனிப்புயல் அடித்து ஓய்ந்தது. வானம் வெளுத்தது, ஆனால் மின்சாரம் இல்லை. அடுப்பின் காற்றை ஊதித் தள்ளும் விசிறியை ஓட்டுவது மின்சாரம் என்பதால் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு ஓடவில்லை. பத்து மணிக்கு வெயில் வந்து எங்கள் செங்கல் தரையில் உட்கார்ந்தது. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். பிறகு எதிர்வீடு. ஒரு மணிக்குக் கூடத்தில் பதினான்கு பேர், கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு. விறகு அடுப்பில் மிளகு ரசம் வைத்துக் கோப்பையில் கொடுத்தேன். மூக்கு ஒழுக ஒழுக இரண்டாம் தரம் கேட்டார்கள். வளர்மதி மற்றப் பிள்ளைகளோடு வெயில் பட்ட தரையில் படுத்து உருண்டாள். எல்லோரும் பேசி ஓய்ந்த ஒரு நிமிஷத்தில்தான் கவனித்தேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் இருமவே இல்லை.

அவர் ரசக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "ஊருக்கு எப்பப் போறதா உத்தேசம்?" என்றார்.

"கோடை லீவுக்குங்க. போயிட்டு வந்தர்லாம்," என்றேன்.

8

நேற்றைக்கு வருகிறேன். தாளை வாங்கிக்கொண்டவர், பீரோவிலிருந்து ஒரு நீலநிறக் கடிதத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். ஐந்தரை வருஷத்துக்கு முந்தையது. அப்பாவின் கையெழுத்து.

'மாப்பிள்ளைக்கு. ஊட்ட எந்தப் பக்கம் நிறுத்தறதுன்னு ரெண்டு பேருக்கும் வழக்குன்னு எழுதியிருந்தீங்க. பூக் கேக்கலாம்னு சொல்லுங்க. பொட்டலத்த அவளையே கட்ட உடுங்க. ஒண்ண எடுத்தப்புறம் இன்னொண்ண அவ பாக்காதப்பப் பிரிச்சுப் பாருங்க. நான் கருப்பணாரு கோயில்ல அப்படித்தான் பாத்தேன். ரெண்டும் வெள்ளை. சிவப்பு ரோசா அவ தலையில இருந்துச்சு. சாமிகிட்ட வெளையாடற புள்ள இல்லீங்க அவ. அவ்வளவு தூரம் துணிஞ்சுட்டான்னா சொல்றது நெசமாத்தான் இருக்கோணும்னு செட்டத் திருப்புனேன். ஊருக்குச் சாமி உத்தரவுன்னு சொன்னேன். இதுவரைக்கும் அவகிட்டச் சொல்லல. நீங்களும் இப்பச் சொல்ல வேண்டாம்.'

இரண்டு தரம் படித்தேன். அத்தனை வருஷமாகக் கருப்பணாருக்கு நான் பயந்த பயமெல்லாம் வீண். அப்பா அன்று சாமி சொல்லிச் செய்யவில்லை, நான் சொல்லிச் செய்திருக்கிறார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, சிரிப்புதான் ஜெயித்தது. வளர்மதி என்னவென்று கேட்டாள். அப்புச்சி எழுதியதை அவளுக்குப் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் படித்துச் சொன்னேன். விடுமுறை முடிந்ததும் வகுப்பில் இந்தக் கோழிக் கதையைத்தான் சொல்லப்போகிறாளாம்.

"அப்ப நீங்களும் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"பாக்காம? நீ அடுப்படிக்குப் போனதும் பாத்தேன்."

"பாத்துட்டுமா ஒத்துக்கிட்டீங்க?"

"உங்கப்பா ஒத்துக்கிட்டாரில்ல?" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். இரண்டையும் மேசைமேல் வைத்தார். வளர்மதி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. "போச்சு, என்ற பச்சை போச்சு," என்று பெருமூச்சு விட்டபடி அவர் பாயசக் கிண்ணங்களைக் கழுவ எடுத்துப் போனார்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நான் மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதுவும் சிவப்பு.